மாடியில் புரியுது, பரீட்சையில் வரலை

கேள்வி: ஐயா, கடலூர் புதுப்பாளையத்திலிருந்து எழுதுகிறேன். பிளஸ் டூ, ஃபர்ஸ்ட் குரூப். ஜூனிலிருந்து நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து கணக்குப் படிக்கிறோம். தினமும் சாயங்காலம் ஆறரைக்கு ஒரு தோழி வீட்டு மொட்டை மாடியில் உட்காருவோம். அவள் திருப்பாதிரிப்புலியூர்க்காரி, கணக்கில் கெட்டிக்காரி. அதனால் அவளைப் 'புலி' என்றே கூப்பிடுவோம். மாடிப்படிச் சுவரில் சாக்பீஸால் அவள் போட்டுக் காட்டினால் எல்லாமே புரிகிறது. காலாண்டில் அவள் 90-க்கு 87, நான் 58. மாடியில் போட்ட அதே கணக்கு இரண்டு வந்தும் எனக்குப் பாதியில் நின்றுவிட்டது. 'கூட்டமா உக்காந்தா படிப்பு ஏறாது, வீட்லயே படி' என்கிறார் அம்மா. புதுச்சேரியில் சிபிஎஸ்இ படிக்கும் சித்தப்பா மகன் சனி, ஞாயிறு வந்து எங்களோடு உட்காருகிறான். ஜேஇஇ பொறியியல் நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிறான். 'உங்க மெத்தட் ரொம்ப நீளம்' என்று ஷார்ட்கட் சொல்லித் தருகிறான். ஒருத்தி பேசுவதற்கென்றே வருகிறாள். அரையாண்டு நெருங்குகிறது. நான் இந்தக் குழுவை விட்டு விலகிவிடட்டுமா? பெயர் வேண்டாம்.

பதில் (ஓய்வுபெற்ற முதுகலைக் கணித ஆசிரியர், கடலூர்):

விலக வேண்டாம் கண்ணு. ஆனால் நாளைக்கே ஒரு காரியம் செய். அந்தச் சாக்பீஸைப் புலி கையிலிருந்து வாங்கிவிடு.

('நீ' என்று எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. முப்பது வருஷம் வகுப்பில் நின்ற வாய், இனிமேல் மாறாது.)

உன் கடிதத்தில் நான் பென்சிலால் கோடு போட்டது ஒரே வரிக்குத்தான்: 'அவள் போட்டுக் காட்டினால் எல்லாமே புரிகிறது.' நம் பக்கத்தில் கணக்கில் தோற்றவர்கள் என்ன சொல்வார்கள், யோசித்துப் பார். 'எனக்குக் கணக்கு வராது' என்பார்கள். நீச்சல் வரும், சைக்கிள் வரும், கோலம் வரும் என்கிற அதே 'வரும்'. பக்கத்து வீட்டு அக்கா மார்கழியில் புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடுவதைப் படியில் உட்கார்ந்து பார்த்தால், கோடு எங்கே வளைகிறது, எந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்புகிறது எல்லாம் புரியும். மாவுக் கிண்ணத்தை உன்னிடம் கொடுத்தால் மூன்றாவது வளைவில் கை நின்றுவிடும். காலாண்டில் உனக்கு நின்றதும் அதே இடத்தில்தான். ஜூனிலிருந்து நீ அந்த மாடியில் கோலம் பார்த்துக்கொண்டிருந்தாய்.

இந்தத் தப்பை நானே செய்து வைத்தவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். வேலையில் சேர்ந்த புதிது. பிளஸ் டூ கணக்குக்கு அப்போது 200 மதிப்பெண். வகுப்பை ஆறு ஆறு பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் நன்றாகப் படிக்கிற ஒரு பையனைத் தலைவனாகப் போட்டேன். பெரிய சீர்திருத்தம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. ரிவிஷன் தேர்வுத் தாளைத் திருத்த உட்கார்ந்தபோது ஒரு குழுவின் ஆறு தாளும் அடுத்தடுத்து வந்தன. கேள்வி சின்னது. மெய்ப்பகுதி −1, கற்பனைப் பகுதி −√3 ஆக உள்ள கலப்பெண்ணின் முதன்மை வீச்சைக் காண்க. அதாவது, அந்த எண்ணைப் புள்ளியாகக் குறித்தால், மையத்திலிருந்து அதற்குப் போகும் கோடு வலப்பக்க அச்சோடு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று கேள்வி. ஆறு தாளிலும் 60° என்று இருந்தது. டேன் மதிப்பு √3 வருகிறது, ஆகவே 60° என்று கட்டம் போட்டு அடிக்கோடும் இட்டிருந்தார்கள். அந்தப் புள்ளியை ஒரு தாளில் குறித்துப் பார்த்திருந்தால் அது இடப்பக்கம் கீழே, மூன்றாம் கால்பகுதியில் கிடப்பது தெரிந்திருக்கும். விடை −120°. தலைவன் தவறியதில் எனக்கு வருத்தமில்லை, எல்லோரும் தவறுகிற இடம் அது. மற்ற ஐந்து பேரில் ஒருவன்கூட ஒரு சிலுவைக்கோடு போட்டுப் பார்க்கவில்லையே என்பதுதான் உறுத்தியது. அவன் சொன்னான், இவர்கள் எழுதிக்கொண்டார்கள். அந்த வருஷம் தலைவன்களின் மதிப்பெண் எல்லாம் நன்றாக ஏறியது. தொண்டர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

அப்படியானால் அம்மா சொல்வதுபோலத் தனியாகப் படிப்பதுதான் சரியா? அதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. அமெரிக்காவில் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்கிற கணித ஆசிரியர், 1970-களின் பிற்பகுதியில் நுண்கணிதம் படிக்க வந்த மாணவர்களைக் கூடவே இருந்து கவனித்தார். கறுப்பின மாணவர்கள் பலர் மணிக்கணக்கில் உழைத்தும் சறுக்கினார்கள், சீன வம்சாவளி மாணவர்கள் பலர் நன்றாகச் செய்தார்கள். காரணம் அறிவும் இல்லை, சோம்பலும் இல்லை என்று கண்டார். சறுக்கியவர்கள் அறைக்குள் தன்னந்தனியாக முட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு தப்பைச் சரியென்று நினைத்துவிட்டால் சொல்ல ஆள் கிடையாது. மற்றவர்கள் முதலில் தனியாக உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் கூடி ஒருவர் தாளை ஒருவர் சரிபார்த்தார்கள். பிறகு டிரைஸ்மன் கடினமான கணக்குகளைக் கொடுத்து, கூடி உட்கார்ந்து போடும் பயிற்சி வகுப்புகள் நடத்தினார். சறுக்கிக்கொண்டிருந்த அதே மாணவர்கள் மேலே வந்தார்கள்.

இதில் 'முதலில் தனியாக' என்கிற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். உங்கள் மாடியில் இல்லாதது அதுதான்.

இப்படிச் செய்யுங்கள். நாளைக்கு எந்த மூன்று கணக்கு என்று இன்று இரவே முடிவாகட்டும். ஐந்து பேருக்கும் அதே மூன்று. வீட்டில் ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிஷம். கைடு மூடியிருக்கட்டும், போன் அடுத்த அறையில் கிடக்கட்டும். முடிந்தால் முடித்துவிடு. நின்றுவிட்டால் நின்ற வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டு, ஏன் நின்றது என்று ஒரே ஒரு வாக்கியம் எழுது. 'ஒண்ணுமே தெரியல' என்று எழுதினால் அதை மாடிக்குக் கொண்டுவராதே. 'தொடுகோட்டின் சாய்வு கிடைத்துவிட்டது, அதை வைத்துச் செங்கோட்டின் சாய்வை எப்படி எடுப்பது என்று தெரியவில்லை' என்று எழுதினால் கொண்டு வா. அந்த ஒரு வாக்கியத்தை எழுதப் போகும்போதே பாதிக் கணக்கு தானாக அவிழ்ந்துவிடும். நம்பாவிட்டால் ஒரு வாரம் செய்து பார்.

மாடிக்கு வந்தபின், நின்றுபோனவள்தான் சுவரின் முன்னால் நிற்க வேண்டும். சாக்பீஸ் அவள் கையில். முதலில் பேசுவது ஐந்து பேரில் ரொம்பத் திணறியவள், கடைசியில் பேசுவது புலி. அதுவரை புலி கேள்வி கேட்கலாம், விடை சொல்லக் கூடாது. ஆரம்பத்தில் அவளுக்கு வாய் துறுதுறுவென்றிருக்கும். வேர்க்கடலை வாங்கிக் கொடுத்து உட்காரவையுங்கள்.

எந்த மாதிரிக் கேள்வி என்பதற்கு ஒரு கணக்கைச் சொல்கிறேன். சுவரில் சாய்த்த 17 மீட்டர் ஏணி. அதன் அடியைச் சுவரைவிட்டு நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இழுக்கிறார்கள். (அவ்வளவு வேகத்தில் ஏணியை இழுக்கிற ஆசாமி யார் என்று என் சர்வீஸில் ஒரு பிள்ளையும் கேட்டதில்லை.) அடி சுவரிலிருந்து 8 மீட்டர் தள்ளி இருக்கும்போது உச்சி என்ன வேகத்தில் இறங்கும்? நீ சுவரில் படம் போட்டு, பிதாகரஸ் எழுதி, வகையிட்டு (எது எவ்வளவு வேகத்தில் மாறுகிறது என்று எடுத்து), 8-ஐயும் உயரம் 15-ஐயும் போட்டு, நொடிக்கு 8/3 மீட்டர் என்று முடிக்கிறாய். எல்லோரும் தலையாட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகிற இடம் இது. இங்கேதான் புலி கேட்க வேண்டும்: "8-ஐ ஏன் கடைசியில போட்ட? முதல்லயே போட்டா என்ன?"

நீ திருதிருவென்று விழித்தால் அந்தக் கணக்கு உனக்கு இன்னும் வரவில்லை. 'முதலிலேயே 8 என்று எழுதிவிட்டால் அந்தத் தூரம் மாறாத எண்ணாகிவிடும், வகையிட்டால் பூஜ்யம், ஏணி அசையாமல் நின்றுவிடும்' என்று நீ சொன்னால் வந்துவிட்டது. அதற்கப்புறம் ஏணியை எடுத்துவிட்டுக் கூம்புத் தொட்டியில் தண்ணீர் ஊற்றினாலும், விளக்குக் கம்பத்திலிருந்து ஆளை நடக்கவிட்டாலும் உனக்கு ஒரே கணக்குதான்.

வாயால் சொல்வதற்கு இவ்வளவு பலம் உண்டு என்று எனக்குக் காட்டியது ஒரு புயல். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் நம் கரையில் ஏறியபோது நீ சின்னப் பிள்ளையாக இருந்திருப்பாய், உன் அம்மாவுக்கு நன்றாக நினைவிருக்கும். மரமும் கரண்ட் கம்பமும் சாய்ந்து எங்கள் தெருவில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மார்ச்சில் பொதுத்தேர்வு. சாயங்காலம் என் வீட்டுத் தாழ்வாரத்துக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் வருவார்கள். ஒரு மெழுகுவர்த்தியை நடுவில் வைத்தால் யாருக்கும் அவரவர் நோட்டு தெரியாது. எழுத முடியவில்லை, பார்த்து எழுதவும் முடியவில்லை. வேறு வழியில்லாமல் நோட்டை மூடி வைத்துவிட்டுக் கணக்கை வாயாலேயே சொல்ல ஆரம்பித்தோம். "அடுத்து என்ன பண்ணுவே?" "வகையிடுவேன் சார்." "எதைப் பொறுத்து?" அங்கே ஒரு மௌனம் விழும். வெளிச்சம் இருந்திருந்தால் அந்த மௌனம் எனக்குக் கேட்டிருக்காது, பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதி நிரப்பியிருப்பார்கள். கரண்ட் வந்த பிறகும் வாரம் ஒரு நாள் விளக்கை அணைத்துவிட்டு உட்காருவது எங்களுக்கு வழக்கமாகிப் போனது. உங்கள் மாடியிலும் செய்து பார்க்கலாம், கொசுவத்தியை மறக்காதீர்கள்.

புலி வீட்டுப் பக்கத்துக் கோயிலில் இருக்கிற பாடலீஸ்வரருக்குத் தோன்றாத்துணை நாதர் என்றும் ஒரு பெயர் உண்டு, உனக்குத் தெரிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாமல் கூட நிற்கிறவர். பரீட்சை ஹாலுக்குள் புலியை உன்னால் அழைத்துப்போக முடியாது. ஆனால் இரண்டு மாசம் தினமும் அவள் "ஏன்?" என்று கேட்டிருந்தால், ஏணிக் கணக்கைப் பார்த்ததும் அந்தக் குரல் உன் காதிலேயே கேட்கும். அவள் போட்டுக் காட்டிய விடைகள் அப்படிக் கூட வருவதில்லை.

புலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவளுக்கு நான்கு பேருக்குப் பாடம் எடுப்பதால் லாபம்தான், ஆனால் ஆறரையிலிருந்து தினமும் மற்றவர்கள் சந்தேகத்தையே தீர்த்துக்கொண்டிருந்தால் அவள் சந்தேகத்தை யார் தீர்ப்பது? 90-க்கு 87 வாங்குகிறவள் எங்கே மூன்றை விட்டாள் என்று பார்த்தீர்களா? இந்த மாதிரிப் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டு வரியை மனசிலேயே போட்டுவிட்டு விடைக்குத் தாவுவார்கள். திருத்துகிறவருக்கு மனசைப் படிக்கத் தெரியாது, தாளில் இருக்கிற ஸ்டெப்புக்குத்தான் மார்க். அதனால் அவள் தாளை நீ திருத்து. 58 வாங்கியவள் 87-ஐத் திருத்துவதா என்று கூசாதே. 'இந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவுல என்ன நடந்துச்சு?' என்று உண்மையிலேயே தெரியாமல் கேட்க உன்னால்தான் முடியும்.

இதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரம், பொதுத்தேர்வு மாதிரியே: ஒரு மதிப்பெண் 20, இரண்டு மதிப்பெண்ணில் பத்துக்கு ஏழு, மூன்று மதிப்பெண்ணில் பத்துக்கு ஏழு, ஐந்து மதிப்பெண்ணில் அல்லது-வோடு ஏழு. 30-ஆம் கேள்வியும் 40-ஆம் கேள்வியும் கட்டாயம், அங்கே ஒதுங்க இடமில்லை. ஒரு மதிப்பெண்ணில் குறியீட்டோடு விடையையும் சேர்த்து எழுதச் சொல்லித் தாளிலேயே போட்டிருக்கும், வெறும் குறியீட்டோடு விடுகிற பழக்கத்தை இப்போதே வெட்டுங்கள். முடிந்ததும் தாளை மாற்றித் திருத்துங்கள். அதற்கு முன்னால் உன் காலாண்டுத் தாளை எடுத்து, போன 32 மதிப்பெண்ணில் தெரியாமல் போனது எவ்வளவு, தெரிந்தும் நடுவில் நின்றது எவ்வளவு, கை தவறிப் போனது எவ்வளவு என்று எண்ணிப் பார். நடுவில் நின்றதுதான் அதிகம் இருக்கும் என்று உன் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது. அப்படியென்றால் நல்ல செய்தி. நீ புதிதாகப் படிக்க வேண்டியது குறைவு.

இன்னொன்று, உங்கள் கடிதத்தில் இல்லாவிட்டாலும் எல்லாக் குழுவிலும் நடப்பது: 'ஆளுக்கு ரெண்டு மூணு சாப்டர் படிச்சுட்டு வந்து சொல்லிக்கலாம்' என்று பன்னிரண்டு பாடத்தையும் பங்கு போடுவது. பங்கு போடுவதானால் யாருக்கு எது வராதோ அதை அவளிடம் கொடுங்கள். வெக்டர் என்றால் நடுங்குகிறவள் வெக்டரைச் சொல்லிக் கொடுக்கட்டும். நன்றாக வருகிறதையே மறுபடி சொல்லிக்கொண்டிருந்தால் கேட்கிறவர்களுக்குச் சுகம், அவ்வளவுதான்.

பாடவாரியாகவே போட்டுக்கொண்டிருப்பதும் ஆபத்து. பயிற்சி 7.1 என்று தலைப்பு இருந்தால், வகையிட வேண்டும் என்று தலைப்பே சொல்லிக் கொடுத்துவிடுகிறது. பரீட்சைத் தாளில் தலைப்பு இருக்காது. 2007-இல் ரோரர், டெய்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு நான்கு விதத் திண்மங்களின் கன அளவு கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். பாதிப் பேர் ஒவ்வொரு வகையாக முடித்தார்கள், பாதிப் பேர் கலந்து போட்டார்கள். பயிற்சியின்போது வகையாகப் போட்டவர்கள் 89 சதவீதம் சரி, கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் வகையாகப் போட்டவர்கள் 20, கலந்து போட்டவர்கள் 63. மாடியில் ஒரு எவர்சில்வர் டப்பா வைத்து, முடித்த பாடங்களின் கணக்கு எண்ணைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுங்கள். எடுத்ததும் போட வேண்டாம், இது எந்தப் பாடம், முதல் வரி என்ன என்று மட்டும் சொன்னால் போதும். பத்து நிமிஷத்தில் பதினைந்து சீட்டு ஓடிவிடும்.

வாட்ஸ்அப்பில் முழு விடையைப் போட்டோ எடுத்துப் போடுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். நீ யோசிக்க உட்காருவதற்குள் விடை வந்து நிற்கும், அதைப் பார்க்காமல் இருக்க முனிவராகத்தான் பிறக்க வேண்டும். நின்றுபோன இடத்தைப் போட்டோ எடுத்துப் போடுங்கள், அது போதும்.

சித்தப்பா மகன் விஷயம். பையன் கெட்டிக்காரனாகத்தான் இருப்பான், ஆனால் அவன் எழுதப் போகிற பரீட்சை வேறு. ஜேஇஇ மெயினில் சரிக்கு +4, விடையைத் தேர்ந்தெடுக்கிற கொள்குறி வினாவில் தப்புக்கு −1, வழியை யாரும் பார்ப்பதில்லை. உனக்கு வழிக்குத்தான் மதிப்பெண், ஒரு மதிப்பெண் வினாவில் தப்புக்குக் கழிவும் கிடையாது. பாடமும் முழுக்க ஒன்றில்லை. கலப்பெண்ணும் கூம்பு வளைவுகளும் அவனுக்குப் பதினொன்றிலேயே முடிந்துவிட்டன, உனக்கு இந்த வருஷம். நேரியல் திட்டமிடல் அவன் பன்னிரண்டில் உண்டு, உன் புத்தகத்தில் இல்லை. அதனால் அவன் ஷார்ட்கட்டை ஒரு மதிப்பெண் வினாவுக்கும், போட்ட விடையைச் சரிபார்ப்பதற்கும் வைத்துக்கொள். அந்த ஷார்ட்கட் ஏன் வேலை செய்கிறது என்று அவனையே நிரூபிக்கச் சொல். இரண்டு சனிக்கிழமை திணறுவான், மூன்றாவது சனிக்கிழமை உங்களுக்கு நல்ல துணையாகிவிடுவான்.

பேச வருகிறவளை விரட்ட வேண்டாம். வீட்டில் மூன்று கணக்கையும் முயற்சி செய்த தாள் இருந்தால்தான் மாடிப்படி என்று எல்லோருக்கும் பொதுவாக விதி வையுங்கள். அவளே முடிவு செய்துகொள்வாள்.

கடைசியாக உன் அம்மாவுக்கு. அம்மா, நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200-இல் கணக்கு மட்டும் முழுசாக 100, இயற்பியலும் வேதியியலும் பாதியாகி 50, 50. அதனால் கணக்கில் ஒன்று போனால் முழு ஒன்றும் போகும். ஆனால் பிள்ளையை வீட்டில் பூட்டி வைத்தால், தப்பாகப் போட்ட கணக்கைச் சரியென்று நம்பிக்கொண்டு தூங்கும். மாடி நேரத்தை ஒன்றேகால் மணியாகக் குறைக்கச் சொல்லுங்கள், எட்டு மணிக்குள் வீடு. போவதற்கு முன் வீட்டில் ஒரு மணி நேரம் தனியாக உட்காருகிறாளா என்று பாருங்கள். மறுநாள் காலை காபி கொடுக்கும்போது, நேற்று மாடியில் போட்டதில் ஒன்றை வெள்ளைத் தாளில் பார்க்காமல் போடச் சொல்லுங்கள். உங்களுக்குக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை. பேனா எங்கே நிற்கிறது என்று பார்க்கத் தெரிந்தால் போதும்.

நாளைய மூன்று கணக்கில் ஒன்றை நானே தருகிறேன். கொசைன் 210°-க்கு நேர்மாறுக் கொசைன் எடுத்தால் என்ன வரும்? 210° என்று பளிச்சென்று தோன்றும், எழுதிவிடாதே. முதலில் நேர்மாறுக் கொசைனின் முதன்மை மதிப்பு எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்று பார்த்து, படம் போடு. விடையை நாளை சாயங்காலம் வரை யாருக்கும் சொல்லக் கூடாது என்று புலியிடம் நான் சொன்னதாகச் சொல்.